சிவப்புக் கோடு அறுபடாமல் ஓடுகிறதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் பசிஃபிகா நகரில் வசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையோரம் வண்ணக் கோடுகள் கொண்ட பாம்பு ஒன்று அடிக்கடி தென்படுகிறது. படம் அனுப்பியுள்ளேன். விஷப் பாம்பா? பிடித்துத் தள்ளிக் கொண்டுபோய் விடலாமா?

பதில்: பயப்பட வேண்டாம். இது கார்ட்டர் பாம்பு. நம்மூர்த் தண்ணீர்ப் பாம்புக்கு உறவு, ஆனால் முட்டையிடாமல் குட்டி போடும். கையில் எடுத்தால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீச்சும், கடிக்கவும் செய்யும். மனிதருக்கு ஆபத்தில்லை.

எந்தக் கார்ட்டர் என்பதுதான் முக்கியம். உங்கள் பகுதியில் ஒன்றுக்கொன்று சாயலுள்ள சில வகைகள் உண்டு. படத்தில் முதுகு நடுவே பசுமஞ்சள் பட்டை, அதன் இருபுறமும் கறுப்பு, அடுத்து சிவப்பு, மறுபடி கறுப்பு. தலையும் செம்மை. அந்தச் சிவப்பு உடல் நெடுக அறுபடாமல் ஓடுவதால், சான் ஃபிரான்சிஸ்கோ கார்ட்டர் என்றே சொல்வேன். சிவப்பு துண்டு துண்டாக, கட்டம் கட்டமாக நின்றிருந்தால் கலிஃபோர்னியா செம்பக்கக் கார்ட்டராக இருக்கும். தெற்கே போகப் போக இரண்டும் கலந்த பாம்புகளும் உண்டு; அங்கே நிறத்தை மட்டும் நம்ப முடியாது. கடலோரக் கார்ட்டரிலும் சிவப்பு தெரியும். பக்கவாட்டில் நெருக்கமான படம் கிடைத்தால் மேலுதட்டுச் செதில்களை எண்ணுங்கள்: ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் 7 என்றால் முதல் இரண்டில் ஒன்று, 8 என்றால் கடலோர வகை.

சான் ஃபிரான்சிஸ்கோ கார்ட்டரின் பூர்வீகம் ஏறக்குறைய உங்கள் சான் மட்டேயோ கவுண்டியோடு (மாவட்டத்தோடு) முடிந்துவிடுகிறது. அங்கேயும் தண்ணீர் மட்டும் போதாது. சம்பங்கோரை மண்டிய நன்னீர்க் குட்டை, அதில் தவளைகள், பக்கத்திலேயே வெயில் விழும் புல்மேடு, குளிர்காலத்தில் அடங்கிக் கிடக்க எலி வளைகள் எல்லாம் கூடிவர வேண்டும். செங்கால் தவளை இதற்கு முக்கிய இரை. பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சைத் தோலில் வைத்திருக்கும் நியூட் என்ற பல்லி போன்ற நீர்நில வாழ்வியையும் இது விழுங்கிச் செரித்துவிடும்!

பிடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். 1967 முதல் இது அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் தொடுவதே குற்றம். கோரையை மொத்தமாக வெட்டாதீர்கள், புல் வெட்டும்முன் ஒருமுறை நடந்து பாருங்கள். படத்தை இணையத்தில் போடுவதானால் இடத்தை மறைத்துவிடுங்கள். அழகுக்காகவே இதைத் திருடி விற்பவர்கள் உண்டு.