ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எவ்வளவு பெரிய கூலர்? கேள்வி பதில்

கேள்வி: 15 கிலோவாட் மோட்டார் உள்ள பவர் பேக்குக்கு (மோட்டார், பம்ப், எண்ணெய் டாங்க் சேர்ந்த ஹைட்ராலிக் தொகுதிக்கு) எத்தனை கிலோவாட் கூலர் தேவை?

பதில்: மோட்டாரின் திறனை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. உள்ளே போகும் ஆற்றலில் வேலையாக வெளியேறாதது முழுவதும் எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது. அது உள்ளீட்டில் 25 முதல் 40 விழுக்காடு என்ற தோராயக் கணக்கு, எந்திரம் இன்னும் வரைபடத்தில் இருக்கும்போதுதான் பயன்படும். ஓடும் எந்திரம் கைவசம் இருந்தால், கூலரை நிறுத்திவிட்டு, வழக்கமான சுமையில் ஓட்டி, எண்ணெய் சூடேறும் வேகத்தை அளந்துவிடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.7 கிலோஜூல் வேண்டும். 200 லிட்டர் எண்ணெய் 30 நிமிடத்தில் 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால், 6,800 கிலோஜூலை 1,800 வினாடியால் வகுக்க, சுமார் 3.8 கிலோவாட் வருகிறது. டாங்க் சுவர் வழியே போன வெப்பமும், உலோகப் பாகங்கள் உறிஞ்சியதும் இதில் அடங்காததால், சற்றுக் கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது 22 கிலோவாட் மோட்டார். எந்தக் கூலர்?

பதில்: மேலே உள்ளதே. அளந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பழைய எந்திரம், அண்மைக்காலமாக எண்ணெய் 75 டிகிரியைத் தொடுகிறது. பெரிய கூலர் போடலாமா?

பதில்: வெப்பம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் கூலர் வாங்காதீர்கள். 150 பாரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் எண்ணெய் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை டாங்குக்குத் திருப்பும் வால்வு) வழியே வீணாகத் திரும்பினால், அதுவே 15 கிலோவாட் வெப்பம். நேற்றுவரை சூடாகாத எந்திரம் இன்று சூடானால், ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வைக்கப்பட்டுள்ளது என்பதையும், பிஸ்டன் பம்பாக இருந்தால் கேஸ் டிரெயினில் (பம்பின் உட்கசிவை டாங்குக்குக் கொண்டுபோகும் குழாயில்) வரும் கசிவையும் முதலில் பாருங்கள். தேய்ந்த பம்புக்குப் பெரிய கூலர் போடுவது, நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் ஈரத்துணி போடுவது.

கேள்வி: கூலரே வேண்டாமே, டாங்கை இரட்டிப்பாக்கினால் போதாதா?

பதில்: பெரிய டாங்க் சூடேறுவதைத் தாமதப்படுத்தும். இடைவிடாமல் ஓடும் எந்திரத்தில் எண்ணெய் கடைசியில் எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது சுவர்களின் பரப்பளவு, கொள்ளளவு அன்று. 2 சதுரமீட்டர் சுவர், காற்றைவிட எண்ணெய் 20 டிகிரி சூடு என்றால், அசையாத காற்றில் ஏறத்தாழ அரை கிலோவாட்தான் வெளியேறும்.

கேள்வி: ஏற்க மாட்டேன். பெரிய டாங்க் வைத்த எங்கள் பிரஸ் ஒருநாளும் சூடானதில்லை.

பதில்: அது எத்தனை மணி நேரம் ஓடி, எத்தனை மணி நேரம் ஓய்கிறது?

கேள்வி: காலையில் ஒரு மணி நேரம், பிறகு மதியம்தான்.

பதில்: அப்படியானால் இருவர் சொல்வதும் சரி. ஒரு மணி நேர வெப்பத்தை டாங்க் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் மெல்ல வெளியேற்றுகிறது. மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் உங்கள் பிரஸும் கூலர் கேட்கும்.

கேள்வி: 10 கிலோவாட் என்று எழுதிய காற்றுக் கூலர் 4 கிலோவாட்டைக்கூட எடுக்கவில்லையே?

பதில்: எந்த வெப்பநிலை வேறுபாட்டுக்கு அந்த 10 என்று பாருங்கள். எண்ணெய்க்கும் காற்றுக்கும் 40 டிகிரி வேறுபாட்டில் சொல்லப்பட்டது என்றால், 55 டிகிரி எண்ணெய், 40 டிகிரி காற்று என்ற நிலையில் அது 3.75 ஆகிவிடும். துடுப்புகளில் தூசி படிந்திருந்தால் இன்னும் குறையும்.

கேள்வி: 7.5 கிலோவாட் மோட்டாருக்கு...

பதில்: முதல் பதில். வெப்பமானியும் கடிகாரமும் போதும்.

கேள்வி: எண்ணெய் டாங்குக்குத் திரும்பும் குழாயில் கூலரைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம்; பைபாஸ் வால்வு (அழுத்தம் கூடினால் எண்ணெயைக் கூலருக்குள் விடாமல் சுற்றிக் கடத்தும் வால்வு) இல்லாமல் வேண்டாம். குளிர்ந்த கெட்டி எண்ணெயும் சிலிண்டர் திரும்பும்போது வரும் திடீர் ஓட்டமும் கூலரைப் பிளந்துவிடும். இடமிருந்தால் தனிச் சிறு பம்பால் டாங்க் எண்ணெயைச் சுழற்றிக் குளிர்விப்பதே என் விருப்பம்.