சுவர் வழக்குப் போடும் முன் ஆமையைக் கவனியுங்கள்

கேள்வி: நாங்கள் ஆந்திரா, நகரி பக்கம் விசைத்தறி ஓட்டும் தமிழ்க் குடும்பம். 2020 ஊரடங்கு சமயம், மழை விட்ட ஒரு காலையில் மாமனாரின் மாந்தோப்பில் ஒரு நட்சத்திர ஆமை தானாக வந்து நின்றது. வந்த மகாலட்சுமியை விரட்டக் கூடாது என்று மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பிறகு கணவரின் நண்பர் ஒருவர் அதற்கு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். போன வருஷம் பக்கவாட்டுக் காலியிடத்தில் அவற்றுக்குத் தோட்டம் மாதிரி ஓர் அடைப்பு கட்டினோம். ஹாலோ பிளாக் சுவர், உள்ளே அருகம்புல், துத்தி, செம்பருத்தி, சப்பாத்திக்கள்ளி. இப்போது மூன்று குட்டிகளும் உண்டு. சுவர் தன் இடத்தில் ஒன்றரை அடி ஏறிவிட்டது, சாக்கடைத் தண்ணீர் தேங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் தகராறு செய்கிறார். "ஆமை புகுந்த வீடு உருப்படுமா" என்று தெருவில் நின்று ஏசுகிறார். அடைப்புக்குள் கல் எறிகிறார். ஃபாரஸ்டுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டுகிறார். அவர் சுவரைத் தொடாமல் இருக்கக் கோர்ட்டில் தடை வாங்க முடியுமா? மான நஷ்ட வழக்குப் போடலாமா? ஆமையைக் கொஞ்ச நாள் திருத்தணியில் என் அம்மா வீட்டில் வைக்கலாமா?

பதில்: நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரை விட்டுவிடுங்கள். ஏசினது, கல் எறிந்தது, மாமியாரை அவமதித்தது எதுவும் இப்போதைக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தில் சட்டம் திரும்பிப் பார்க்கிற சொல் ஒன்றே ஒன்று: நட்சத்திர ஆமை. அது வளர்ப்புப் பிராணி இல்லை. நாய், பூனை, கோழி மாதிரி உங்கள் சொத்தும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 39ன்படி அது அரசாங்கத்தின் சொத்து. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வளர்த்தாலும், அடைப்புக்குள் குட்டி பொரித்தாலும் அந்தக் குட்டியும் அரசாங்கச் சொத்துதான். அப்படி ஒரு பிராணி கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்களுக்கு ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

"2020ல் இவ்வளவு கடுமை இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. அப்போது நட்சத்திர ஆமை நான்காம் அட்டவணையில் இருந்தது. பிடிப்பது அன்றைக்கும் குற்றம்தான், தண்டனை மட்டும் லேசு. 2022ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அது முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. புலி, யானை இருக்கிற அட்டவணை. குறைந்தபட்சம் மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஜாமீன் தர மறுக்கக்கூடிய குற்றம். பிடித்தது பழைய சட்டக் காலத்தில் என்று கோர்ட்டில் வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் வைத்திருப்பது இன்றைக்கும் தொடர்கிறதே என்று எதிர்த்தரப்பு கேட்கும். குட்டிகளோ நேற்றுப் பிறந்தவை.

இனி நீங்கள் கேட்ட தடை உத்தரவு. கட்சிக்காரர்கள் தாங்களாகவே போய் விழுகிற குழி இதுதான்.

தடை கேட்டு வழக்குப் போட்டால் பிராதில், அதாவது நீங்கள் தாக்கல் செய்கிற வழக்கு மனுவில், அந்தச் சுவரை வர்ணிக்க வேண்டும். எதற்காகக் கட்டினீர்கள், எப்போது கட்டினீர்கள், உள்ளே என்ன இருக்கிறது எல்லாம் வரும். அதைச் சத்தியப் பிரமாணத்தோடு தாக்கல் செய்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் செய்கிற முதல் வேலை, இடத்தைப் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்லி மனுப் போடுவது. கமிஷனர் வருவார், டேப் பிடித்து அளப்பார், போட்டோ எடுப்பார், வரைபடத்தோடு அறிக்கை தருவார். செம்பருத்திச் செடிக்கு அடியில் இரண்டு பெரிய ஆமை, மூன்று குட்டி என்று அதில் இருக்கும். கோர்ட் ஆவணம் அது. சான்றிட்ட நகல் எடுத்து வனத்துறையிடம் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அரை நாள் போதும். உங்கள் பணத்தில், உங்கள் கையெழுத்தில், உங்கள் மேலேயே ஒரு குற்ற வழக்குத் தயாரித்துக் கொடுத்த மாதிரி. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்ற பழமொழியில் பாதியை அவர் சொன்னார், மீதிப் பாதியை நீங்கள் அழைத்து வரப் பார்க்கிறீர்கள். மான நஷ்ட வழக்கும் அப்படியே. ஆமை வீட்டில் இருக்கிறது என்பதுதானே அவர் சொன்ன ஏச்சு? அது நிஜம் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டுதான் வழக்கையே தொடங்க வேண்டும்.

அடைப்பின் படங்களை அனுப்பியிருந்தீர்கள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார் உங்கள் கணவர். வெளியே தெரிந்தால் ஆமை சுவரோரமாகவே நடந்து நடந்து ஓயாது என்று தெரிந்து கம்பி வலை போடாமல் மறைப்புச் சுவர் வைத்திருக்கிறார். மேற்கு வெயிலுக்கு மாநிழல், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த பானை, தண்ணீருக்குத் தட்டையான தட்டு, முட்டையிட மணல் கலந்த செம்மண் மேடு. பிளாக் வரிசையைத் தரைக்குக் கீழே ஓர் அடி புதைத்திருப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள், தோண்டி வெளியே போகாமல் இருக்க. "தானாக வந்தது, நாங்கள் பிடிக்கவில்லை" என்ற உங்கள் ஒரே வாதத்தை உடைப்பது அந்த ஓர் அடிதான். தானாக வந்தது தானாகப் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறீர்கள். மணல் மேடு, குட்டி வேண்டும் என்று வளர்த்ததற்குச் சாட்சி. இதற்கு மேல் பிரிவு 57 இருக்கிறது. பிராணி உங்கள் வசம் இருந்தது நிரூபணமானால் போதும், சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா மிரட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். வனத்துறை அசையாவிட்டாலும், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவரே நேராக மாஜிஸ்திரேட்டிடம் புகார் தாக்கல் செய்யப் பிரிவு 55 இடம் தருகிறது.

திருத்தணி யோசனை எல்லாவற்றிலும் மோசம். நகரியிலிருந்து திருத்தணி பஸ்ஸில் போய் வருகிற தூரம் என்பதால் வேறு மாநிலம் என்பதே நம் ஜனங்களுக்கு மறந்துபோகிறது. இங்கே இருக்கும் வரை உங்கள் கதை "தோப்பில் கிடைத்தது, பாசத்தில் வளர்த்தோம்". பையில் போட்டு எல்லை தாண்டிய நிமிஷம் அது கடத்தல். இரண்டு மாநில வனத்துறை, எடுத்துப்போன வண்டி பறிமுதல், ஒன்றும் அறியாத உங்கள் அம்மா இரண்டாம் குற்றவாளி. கடிதத்தின் ஓரத்தில், கொழுந்தனார் சென்னையில் ஒரு சிநேகிதருக்குக் குட்டி கேட்டதாக ஒரு வரி வேறு இருக்கிறது. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கொடுக்காதீர்கள். காட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் சைட்டிஸ். நட்சத்திர ஆமை 2019லேயே அதில் சர்வதேச வணிகத்துக்குத் தடையான முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுகிற ஆமைகளுக்குப் பின்னால் இருக்கிற கூட்டம், இப்படி ஒன்றிரண்டு குட்டி வாங்குகிறவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் மாட்டினால் அவன் போனில் கொழுந்தனார் நம்பர் இருக்கும்.

ராத்திரியோடு ராத்திரியாக மலையடிவாரத்தில் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வீட்டில் வளர்ந்த ஆமை காட்டு ஆமைகளுக்கு நோய் கொண்டுபோகும், அது ஒரு பக்கம். சாட்சியத்தை மறைத்த குற்றம் கூடுதலாகச் சேரும், ஆமையின் போட்டோ மட்டும் ஊர் முழுக்க வாட்ஸப் ஸ்டேட்டஸில் மிச்சம் இருக்கும். அந்தப் போட்டோக்களையும் இப்போது அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். இனிமேல் போடாமல் இருந்தால் போதும்.

அபராதம் கட்டி முடித்துத் தருகிறேன் என்று வருகிற தரகரை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். எல்லை ஊர்களில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. ரேஞ்ச் ஆபீசில் ஆள் தெரியும், இருபத்தைந்தாயிரம் கட்டினால் ஃபைல் மூடிவிடும் என்பார்கள். மூடாது. குறைந்தபட்ச சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட எந்தக் குற்றத்தையும் பணம் வாங்கிச் சமரசம் செய்ய முடியாது என்று பிரிவு 54 தெளிவாகச் சொல்கிறது. முதல் அட்டவணைப் பிராணிக்கு அந்தக் குறைந்தபட்சம் மூன்று வருஷம். அப்படியானால் நீங்கள் கட்டுகிற பணம் எங்கே போகிறது? உங்களுக்கே தெரியும். பணம் போவதோடு முடிந்தாலும் பரவாயில்லை, கூடவே ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். தெலுங்கில் எழுதியிருக்கும். நம் ஜனங்கள் தெலுங்கு சரளமாகப் பேசுவார்கள், கடையில் கணக்கே தெலுங்கில்தான், ஆனால் நிறையப் பேருக்குப் படிக்க வராது. "சும்மா ஃபார்மாலிட்டி அம்மா" என்றதும் போட்டுவிடுவார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று சினிமா பார்த்தே எல்லோருக்கும் தெரியும். வனத்துறை அதிகாரி அந்த விஷயத்தில் போலீஸ் இல்லை. அவரிடம் நீங்கள் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கு எதிராகவே படிப்பார்கள். இரண்டு பேரைச் சாட்சி வைத்து எழுதுகிற மீடியேட்டர்ஸ் ரிப்போர்ட்டிலும், அதாவது மகஜரிலும், அதே கதைதான். படித்துத் தமிழில் சொல்ல உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லைசென்ஸ் வாங்கலாமா என்று கேட்பீர்கள். கிடையாது. 2024ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்கிறார்களே என்றால், அது ஆப்பிரிக்க சல்கட்டா ஆமை மாதிரி சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளுக்கு. நம் காட்டு ஆமையை அதில் ஏற்றிச் சட்டபூர்வமாக்க முடியாது. பிற்பாடு அந்த அடைப்பில் வெளிநாட்டு ஆமை வளர்க்க உங்கள் கணவர் ஆசைப்பட்டால், வாங்கிய ரசீது முதலில், கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிவு, அதற்கப்புறம்தான் செம்பருத்தி.

ஆகவே ஒப்படையுங்கள், ஐந்தையும். ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்காக வைத்துக்கொள்கிற வேலை வேண்டாம். 2022 திருத்தத்தில் தானாக முன்வந்து ஒப்படைக்கப் பிரிவு 42ஏ வந்தது, ஆனால் அது உரிமைச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு. உங்களிடம் சான்றிதழ் இல்லை. அதனால் ஒப்படைத்தால் வழக்கே வராது என்று நான் உறுதி தர மாட்டேன், தருகிற வக்கீலை நம்பவும் வேண்டாம். ஆனால் யாரும் கேட்கும் முன் நீங்களாகக் கொண்டு வந்து கொடுத்ததற்கும், பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டு ஜீப் வந்து எடுத்ததற்கும் கோர்ட்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜாமீன் மனுவிலேயே அது தெரியும். மாவட்டத்திலேயே ஒரு கிரிமினல் வக்கீலைப் பிடியுங்கள். முன்ஜாமீன் மனு தயாராக இருக்கட்டும். மாவட்ட வன அதிகாரிக்கு (டிஎஃப்ஓ) கடிதம் வக்கீல் மூலமாகப் போகட்டும்: கிடைத்த இடம், எத்தனை உருப்படி, ஒப்படைக்கத் தயார், அவ்வளவு. பாசக் கதை, ஜோடி வந்த கதை, பக்கத்து வீட்டுக் கதை ஒன்றும் வேண்டாம். எடுத்துச் செல்ல அவர்களையே வரச் சொல்லுங்கள், நீங்கள் வண்டியில் ஏற்ற வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல் கையில் இருக்க வேண்டும். மாமியார் அழுவார், தெரியும். ஏழு வருஷம் என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

ஆமை போன பிறகு சுவர் வெறும் சுவர். அப்போதும் வழக்கு வேண்டாம் என்பேன். ஒன்றரை அடிக்காகப் பத்து வருஷம் வாய்தா வாங்குவது விசைத்தறிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மண்டல சர்வேயருக்கு மனுக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி என்றால் சுவரைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிவிடுங்கள். ஹாலோ பிளாக்தானே, இரண்டு நாள் கொத்தனார் கூலி. சாக்கடைக்கு ஒரு குழாய் விடுங்கள். சமரசத்தை ஸ்டாம்பு பேப்பரில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பேப்பரில் ஒரு எச்சரிக்கை. "வனத்துறையில் புகார் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு வரி சேர்க்க ஊர்ப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள், அதற்காக அவருக்குப் பணம் கொடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள். சேர்க்க விடாதீர்கள். குற்ற வழக்கை அமுக்குவதற்காகச் செய்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதற்குப் பதில், ஆமை இருந்ததற்கு நீங்களே எழுதிக் கொடுத்த இன்னொரு சாட்சியமாக அது அவர் பீரோவில் கிடக்கும். சர்வே நம்பர், அளவு, தண்ணீர் போகும் வழி, இடித்துக் கட்டும் செலவு யாருடையது, இவ்வளவு இருந்தால் போதும்.