சவால் விடுபவரை முன்பு தோற்கடித்தவரைச் சாம்பியன் வீழ்த்தியிருந்தால், குத்துச்சண்டைப் பட்டப் போட்டியில் சாம்பியன் ஜெயிப்பது உறுதிதானா?

உறுதியில்லை. குன்னூர் டீக்கடையில் வர்க்கியைத் தொட்டுக்கொண்டே எங்கள் ஆட்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

1974-ல் இந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்று பாருங்கள். சவால் விட்ட முகமது அலியை ஜோ ஃபிரேசியரும் கென் நார்ட்டனும் ஆளுக்கொரு முறை வென்றிருந்தார்கள். அந்த இருவரையும் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் முடித்துவிட்டார். 40 போட்டி, ஒரு தோல்வியும் இல்லை, வயது 25. அலிக்கு 32. ஆனால் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் இருவரும் மோதியபோது எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன்தான்.

காரணம், பாணி. ஃபிரேசியர் குனிந்தபடி முன்னேறி வருபவர். ஃபோர்மேனின் குத்து கிளம்பும் இடத்துக்கே தலையைக் கொண்டுபோனார். அலியோ கயிற்றில் சாய்ந்து, அடிகளைக் கையில் வாங்கி அவரைக் களைக்க வைத்தார்.

வெலிங்டனில் ராணுவத்தில் இருந்தபோது குத்துச்சண்டை போட்ட என் பெரியப்பா, "காலைப் பாருடா" என்பார். பெஞ்சில் இரண்டு டீ கிளாஸை வைத்துக் காட்டுவார்: வலது கைக்காரனும் இடது கைக்காரனும் மோதினால் முன்னங்கால்கள் நேருக்கு நேர் இடிக்கும். எவன் கால் வெளிப்பக்கம் போகிறதோ, அவன் பின்கைக்கு, அதாவது பின்னால் வைத்திருக்கும் கைக்கு, வழி திறக்கும். பழைய வெற்றிப் பட்டியலைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், 12 ரவுண்டு முழுக்க நின்ற அனுபவம் இருவரில் யாருக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். சீக்கிரமே நாக் அவுட் செய்து பழகியவருக்கு ஒன்பதாவது ரவுண்டு புது ஊர்.