ரவுண்ட்ஸில் கடைசி ஆளாக நிற்கும் தங்கைக்கு

கேள்வி: ஃபார்ம்.டி. என்கிற மருந்தியல் பட்டப்படிப்பில் ஆறாம் ஆண்டு. பொது மருத்துவ வார்டில் இன்டர்ன்ஷிப் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ரவுண்ட்ஸில் ஒரு மருந்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டதற்கு, “நீ ஃபார்மசிதானே?” என்றார் சீஃப். வாரத்தில் மூன்று நாள் பில் போட அனுப்பிவிடுகிறார்கள். இந்த ஒரு வருஷமும் வீண்தானா? – வாசகி, மதுரை

பதில்: பில் போடும் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2008 ஃபார்ம்.டி. விதிமுறைப்படி உங்கள் ஆறாம் ஆண்டு என்பது பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று சிறப்புத் துறைகளில் தலா 2 மாதம். அதில் பில் கவுண்டர் கிடையாது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, உங்கள் பயிற்சியை மேற்பார்க்கும் பிரிசெப்டரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

சீஃப் கேட்ட கேள்வியை நானும் வாங்கியிருக்கிறேன். இதய வால்வு மாற்றிய ஒரு பாட்டி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர், வயிற்றுப்போக்கோடு வந்து படுத்திருந்தார். மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி எழுதியிருந்தார்கள். அது அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். பத்துப் பேர் நடுவில் “சார், இது தப்பு” என்றேன். சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம்தான் சரியில்லை. சீஃப் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அந்த வார்டில் மேற்படிப்புப் படிக்கும் பிஜி டாக்டரிடம் தனியே போய், “மேடம், பாட்டிக்குக் கடைசியா ஐ.என்.ஆர். எப்போ பார்த்தாங்க?” என்று மட்டும் கேட்டேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் சோதனை அது. கேஸ் ஷீட்டைப் புரட்டினார், அன்றே ரத்தம் எடுத்து அனுப்பினார். மறுநாள் ரவுண்ட்ஸில் அதை எடுத்துச் சொன்னவரும் அவர்தான். என் பெயர் வரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து மாறியது.

ஆகவே ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கேஸ் ஷீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த பை. இரண்டு டாக்டர்கள் இரண்டு பிராண்டில் எழுதிய ஒரே பிரஷர் மாத்திரை, மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சூரணம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். கேஸ் ஷீட்டில் இதில் பாதிகூட ஏறியிருக்காது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த வலி மாத்திரையே போதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறிவிடலாம். டாக்டருக்கோ சிஸ்டருக்கோ அந்தப் பையைக் கொட்டிப் பார்க்க நேரம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. மூச்சிரைப்புக்காரர் என்றால் இன்ஹேலரைக் கையில் கொடுத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இழுப்பதற்குப் பதில் ஊதுகிறவர்களைப் பார்ப்பீர்கள்.

கண்டதை பிஜியிடம் கேள்வியாகவே கொண்டுபோங்கள். புதிதாக அரிப்போ தடிப்போ வந்திருந்தால் பிரிசெப்டரோடு உட்கார்ந்து மருந்துப் பக்கவிளைவுப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள்.

ஒன்று, பைக்குள் கையை விடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணமும் பெரும்பாலும் அதே பையில்தான் இருக்கும்.