கல்யாணமான நாளிலிருந்து சம்பளம் அவர் கையில். இனி என் பெயரில் சேர்க்கலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது. 21 வயதில் தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான். 24-ல் கல்யாணம். அன்றிலிருந்து சம்பளத்தை அப்படியே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். நல்ல மனிதர், ஒரு பைசா வீண் செய்ததில்லை. வீடு அவர் பெயரில். அவர் கடைக்குக் கடன் வாங்கியபோது நானும் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். 58-ல் எனக்கு ஓய்வு. என் பெயரில் கொஞ்சம் சேர்த்தால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகுமா? இந்த வயதில் தொடங்கிப் பயன் உண்டா?

பதில்: சந்தேகம் இல்லை சகோதரி. இருவரில் ஒருவர் முன்னால் போவார், மற்றவர் தனியாக இருப்பார். பெரும்பாலும் அப்படித் தனித்து இருப்பது மனைவிதான். இதை உங்கள் வீட்டுக்காரரிடமே சொல்லுங்கள். 27 வருடம் கணக்கைப் பொறுப்பாகப் பார்த்தவருக்கு இது புரியாமல் போகாது. உங்களுக்கு வரும் இந்தத் தயக்கம் புதியதும் இல்லை. இங்கிலாந்தில் 1870-ல் சட்டம் வரும்வரை மணமான பெண்ணின் கூலிகூடக் கணவருக்கே சொந்தமாக இருந்தது.

பயன் உண்டா என்பதற்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன். மாதச் சம்பளத்தில் கால் பங்கை 7 வருடம் போட்டு வாருங்கள். ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கிடைத்தால் முடிவில் சுமார் 26 மாதச் சம்பளம் கையில் இருக்கும். 8 சதவீதம் என்றால் 28 மாதம். வட்டி கூடியதால் வந்தது 2 மாதச் சம்பளம்தான். அதே 6 சதவீதத்தில் கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் 34 மாதத்தைத் தாண்டிவிடும். ஆகவே அதிக வட்டியைத் தேடி அலையாதீர்கள், போடும் தொகையைக் கூட்டப் பாருங்கள். 3 வருடத்தில் இரட்டிப்பு என்று யாராவது வந்தால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 26 சதவீதம். அவர் பக்கமே போக வேண்டாம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அந்தக் கையெழுத்து. ஜாமீன் போட்டவர் சாட்சி இல்லை. கடன் நின்றுபோனால் கொடுத்தவர் உங்களிடமும் கேட்கலாம், உங்கள் சேமிப்பிலும் கை வைக்க வழி உண்டு. கடன் அடைந்துவிட்டதா, மீதி எவ்வளவு, புதுப்பித்தபோது உங்கள் ஜாமீனும் தொடர்ந்ததா? இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அடைந்திருந்தால் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். புதிய கணக்கு தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். 21 வயதில் ஆலைப் பதிவேட்டில் எழுதியது கல்யாணத்துக்கு முந்தைய பெயர். இன்றைய அடையாள அட்டையிலும் வங்கியிலும் வேறு பெயர் இருக்கக்கூடும். ஓய்வு நாளில் 30 வருடத்துக்கும் மேலான உழைப்பின் பணம் இந்த ஒரு பொருத்தமின்மையால் மாதக்கணக்கில் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அலைவதைவிட இப்போதே விண்ணப்பம் கொடுப்பது எளிது. அங்கேயே வாரிசு நியமனத்தையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த உங்கள் அப்பா பெயரே இன்னும் இருக்கலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, உங்கள் சம்பளமும் அதில் சேர்ந்திருக்கிறது. பத்திரத்தில் இருவர் பெயரும் வர முடியுமா, செலவு என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரியுங்கள். அதிகச் செலவானால் இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதலாம். வாரிசு நியமனம் உயிலுக்கு ஈடாகாது. பல இடங்களில் நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர் மட்டுமே.

சரி, அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது? சம்பள நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். ஓய்வான ஒரு நாளில் கடன் காகிதங்களோடு இருவரும் உட்காருங்கள். 'நீங்கள் இல்லாத ஒரு மாதத்தை நான் எப்படி ஓட்டுவேன்?' என்று அவரிடமே கேளுங்கள். எந்தக் கணக்கில் என்ன இருக்கிறது, யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் தர வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஜாமீன் விவரம் தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். மீதிக் கடன் எவ்வளவு என்று பார்த்துத்தான், கால் பங்கா மூன்றில் ஒரு பங்கா என்று முடிவு செய்ய வேண்டும்.