பங்குனியிலும் காயாத சீலிங்: மேல்வீட்டுக் கசிவுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: தென்காசியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், முதல் மாடி வீடு ஒன்று எனக்குச் சொந்தம். 2021 ஆகஸ்டில் சாவி வாங்கினேன். இரண்டு ஆண்டுகளாக என் குளியலறையின் சீலிங்கிலும் அதை ஒட்டிய படுக்கையறையின் சீலிங்கிலும் ஈரம் படர்ந்து பூஞ்சை பிடித்திருக்கிறது. சென்ற ஐப்பசியில் முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. உள்ளே கம்பி தெரிகிறது. மேல்வீட்டின் உரிமையாளர் மஸ்கட்டில் இருக்கிறார்; வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மைத்துனர், "சாரல் அடிக்கிற ஊரில் எந்த வீட்டில்தான் பூஞ்சை இல்லை? ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார். சங்கத்தில் கேட்டால், "இது உங்கள் இரண்டு வீட்டாரின் விவகாரம்" என்கிறார்கள். கட்டிக் கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. இந்தப் பங்குனி வெயிலிலும் அந்த இடம் காயவில்லை. பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைக்கலாமா? மேல்வீட்டுக்காரரைச் சரிசெய்ய வைக்கச் சட்டத்தில் வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் இந்த வழக்கின் உயிர்நாடி. "பங்குனி வெயிலிலும் அந்த இடம் காயவில்லை" என்ற அந்த வரியை உறுதியான சாட்சியமாக மாற்றிவிட்டால், மைத்துனர் சொல்லும் சாரல் வாதம் நிற்காது. எனவே சட்டப் பிரிவுகளுக்குப் போகும் முன் அந்தச் சாரல் வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அது முற்றிலும் பொய்யான வாதம் அன்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில், தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குப் பின்புறமும் காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும் பூஞ்சை பிடிப்பது உண்டு. மேல்வீட்டில் ஏசி இரவெல்லாம் ஓடித் தளம் குளிர்ந்தாலும், கீழ்வீட்டுச் சீலிங்கில் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கக்கூடும். ஆனால் காற்றால் வரும் ஈரத்துக்கும் கசிவால் வரும் ஈரத்துக்கும் நடத்தை வேறு. முன்னது மூலைகளில் மெல்லிய கரும்புள்ளிகளாகப் பரவிக் கிடந்து, வெயில் காலம் வந்ததும் காய்ந்து உதிரும். பின்னது குழாய் இறங்கும் இடத்தையோ குளியலறைக்காகத் தாழ்த்திப் போட்ட தளப் பள்ளத்தின் ஓரத்தையோ மையமாகக் கொண்டு, பழுப்பு விளிம்புடன் வட்டமாக விரிந்து, உப்புப் பூத்து, கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையை வெளியே தள்ளும் வரை ஓயாது. காற்றின் ஈரத்தால் பூஞ்சை வரலாம்; ஐந்து வயதுகூட ஆகாத கட்டடத்தில் முறம் அகலத்துக்குக் காரை விழுந்து கம்பி தெரிவதற்குச் சாரலைக் காரணம் சொன்னால், எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார்.

கசிவு என்று தெரிந்துவிட்டாலும், எந்தத் தண்ணீர் என்பது இன்னும் தெரியவில்லை. பொறுப்பு யாருடையது என்பதோ அதைப் பொறுத்தே இருக்கிறது. மேல்வீட்டுக் குளியலறையின் தளத்திலிருந்தோ அந்த வீட்டுக்கென்று உள்ள குழாயிலிருந்தோ வருகிறது என்றால் அந்த வீட்டின் உரிமையாளர் பொறுப்பு. எல்லா வீடுகளுக்கும் பொதுவாக டக்டில் (குழாய்களுக்கென்று விட்ட செங்குத்து இடைவெளியில்) இறங்கும் கழிவுக்குழாயிலிருந்தோ மொட்டைமாடி மழைநீர்க் குழாயிலிருந்தோ வருகிறது என்றால், அது பொதுப் பகுதி; அப்போது சங்கம் "உங்கள் இரண்டு வீட்டாரின் விவகாரம்" என்று ஒதுங்க முடியாது. 2024 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி பொதுப் பகுதிகளின் பராமரிப்பு சங்கத்தின் கடமையே. தளம் போடும்போதே நீர்க்காப்புப் பூச்சு சரியாகச் செய்யப்படாததுதான் காரணம் என்றால், கட்டிக் கொடுத்தவரும் பொறுப்பாளி ஆகிறார்.

இதைக் கண்டறிய ஒரு சிவில் பொறியாளரை அழைத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மேல்வீட்டுக் குளியலறையின் வடிகாலை அடைத்து, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குச் சாயம் கலந்த நீரை ஒரு நாளோ இரண்டு நாளோ நிறுத்திப் பார்ப்பது எளிய சோதனை. சாயம் கீழே வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை. மேல்வீட்டார் உள்ளே விட மறுத்தால், மறுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கசிவு எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைக் கீழே இருந்தபடியே ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதலாம். இடைவிடாமல் சொட்டினால் தண்ணீர் வரும் குழாய் என்றும், காலையில் மேல்வீட்டார் குளிக்கும் நேரத்தையொட்டிக் கூடினால் தளம் அல்லது வடிகால் என்றும், மழைக்கு மட்டும் கூடினால் மழைநீர்க் குழாய் என்றும் ஓரளவு ஊகிக்க முடியும். மேல்வீட்டார் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்த நாட்களில் ஈரம் எப்படி இருந்தது என்பதையும் மறவாமல் எழுதுங்கள். ஈரத்தை அவ்வப்போது படமும் எடுங்கள்; படங்களை எடுத்த கைப்பேசியை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சாட்சியம் தாக்கல் செய்யும்போது, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் (இப்போதைய சாட்சியச் சட்டத்தின்) 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அது தேவைப்படும்.

இதற்கிடையில் புட்டி வைத்துப் பூசுவது, ஜிப்சம் சீலிங் அடித்து மறைப்பது போன்ற யோசனைகளுக்குக் காது கொடுக்க வேண்டாம். நோய் அப்படியே இருக்க, சாட்சியம் மட்டும் மறைந்துபோகும். ஆனால் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். கட்டிலை இடம் மாற்றுங்கள். ஈரம் எட்டியிருக்கும் விளக்கு, மின்விசிறிப் புள்ளிகளின் மின்சாரத்தை எலக்ட்ரீஷியனைக் கொண்டு துண்டியுங்கள். தொங்கும் காரையைப் படம் எடுத்த பிறகு தட்டி இறக்குங்கள். தனக்கு நேரும் இழப்பைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இழப்பீடு கேட்பவருக்கும் உண்டு என்பதால், இந்தச் செலவுகளின் ரசீதுகள் பின்னால் உங்களுக்குத்தான் உதவும்.

இனி மேல்வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பு. தண்ணீர் கீழே வந்தது என்பதால் மட்டுமே ஒருவர் பொறுப்பாளி ஆகிவிடமாட்டார். கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் குளங்கள் பெருமழையில் உடைந்து ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துக்கொண்டு போன வழக்கில், அவருடைய கவனக்குறைவு இல்லாத நிலையில் அவர் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1874இல் சொன்னது. குளங்களை நம்பி வாழும் நம் சீமைக்கு நன்றாகவே பொருந்தும் அந்தத் தீர்ப்பை இங்கே சொல்வதற்குக் காரணம், வீட்டில் வழக்கமாகத் தண்ணீர் புழங்குவோரின் விஷயத்திலும் நீதிமன்றம் தேடுவது கவனக்குறைவையே என்பதுதான். மஸ்கட்டில் இருப்பவருக்குத் தன் தளம் ஒழுகுவது தெரியாதிருக்கலாம். மைத்துனர் சொல்லவில்லை என்று அவர் நாளை வாதாடலாம். எழுத்தில் தெரிவித்த பிறகும் அவர் அசையவில்லை என்றால்தான் அந்த வாதம் உடைந்து, அவருடைய சும்மா இருத்தலே கவனக்குறைவாகவும், அண்டை வீட்டாரின் வீட்டு அனுபவத்தைத் தொடர்ந்து கெடுக்கும் தொல்லையாகவும் உருவெடுக்கிறது. நீங்கள் இரண்டு ஆண்டுகள் வாய்மொழியாக மட்டுமே சொல்லி வந்திருக்கிறீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் அது மரியாதை. நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு குறைவு.

ஆகவே, பொறியாளரின் அறிக்கையை இணைத்து, பதினைந்து நாட்களுக்குள் தளத்தைச் சோதிக்க அனுமதிக்கவும் சரிசெய்யவும் கோரி, வழக்கறிஞர் வழியாக ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். உரிமையாளரின் மேல்வீட்டு முகவரிக்கும், மஸ்கட் முகவரி கிடைத்தால் அதற்கும், அவர் பயன்படுத்தும் மின்னஞ்சலுக்கும் அது போக வேண்டும். மைத்துனரிடம் பொது அதிகார ஆவணம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்பவர்கள் மேல் எந்தக் குற்றமும் சுமத்த வேண்டாம். ஆனால் வழக்கு என்று வந்தால் உள்ளே நுழைய அனுமதி தேவை என்பதால் அவர்களையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்ப்பது நல்லது.

அறிவிப்புக்கும் மசியாவிட்டால், உங்கள் எல்லைக்குட்பட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, கசிவைச் சரிசெய்யுமாறு செயலுறுத்துக் கட்டளையும் (ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்னும் நீதிமன்ற உத்தரவும்), அதனுடன் இழப்பீடும் கோரி வழக்குத் தொடரலாம். வழக்குடன் கூடவே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9இன் கீழ், வழக்கறிஞர் ஆணையர் (நீதிமன்றம் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர்) ஒருவரைப் பொறியாளரின் துணையுடன் இரு வீடுகளையும் பார்வையிட அனுப்புமாறு மனுச் செய்யுங்கள். "ஆணையரை வைத்துச் சாட்சியம் திரட்டப் பார்க்கிறார்" என்ற வழக்கமான ஆட்சேபம் எதிர்த்தரப்பிலிருந்து வரும். நீங்கள் நுழைய முடியாத மேல்வீட்டுத் தளத்தின் நிலையை வேறு எந்தச் சாட்சியாலும் நீதிமன்றத்தின் முன் வைக்க இயலாது என்பதை உங்கள் மனுவிலேயே எழுதிவிட்டால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். என் அனுபவத்தில் இத்தகைய வழக்குகளில் பாதி, ஆணையர் வந்து போன மறு வாரமே சமரசத்துக்கு வந்துவிடுகின்றன. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். காலவரையறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, தொடர்ந்து நிகழும் தீங்குக்கு அது தொடரும் ஒவ்வொரு கணமும் புதிதாகக் காலம் தொடங்குகிறது.

வழக்குக்கு முன்பாகவே தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, எதிர்த்தரப்பைச் சமரசத்துக்கு அழைக்கவும் முடியும். பெண் என்ற ஒரே காரணத்தால், ஓய்வூதியம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், இலவசச் சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது என்பதால், எந்த வேலையை, எந்தத் தேதிக்குள், யார் செலவில் செய்வது என்பதைத் தெளிவாக எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இது உரிமையியல் விவகாரம், அங்கே வேலையில்லை.

பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். சங்கத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானதே என்றாலும், கட்டணம் பாக்கி வைத்தவர் என்ற பெயர், பொதுக்குழாய்தான் காரணம் என்று நாளை நீங்கள் அதே சங்கத்தைக் கேள்வி கேட்கும்போது உங்கள் வாயை அடைக்கும். வேண்டுமானால் ஆட்சேபத்துடன் செலுத்துவதாக ஒரு கடிதம் கொடுத்துக் கட்டுங்கள்.

கட்டிக் கொடுத்தவரின் விஷயத்தில்தான் நீங்கள் அவசரப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையை அவருடைய கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் மேற்கொண்டு பணம் வாங்காமல் முப்பது நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் என்பதால் உங்கள் கட்டடம் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை விற்பனை ஒப்பந்தத்தில் தேடுங்கள். உங்கள் ஐந்து ஆண்டுகள் 2026 ஆகஸ்டில் முடிகின்றன. குறையைச் சொன்னதற்குப் போன் அழைப்புகள் போதா, எழுத்து வேண்டும். மேல்வீட்டுக்காரருக்கும் இதில் நன்மை இருக்கிறது. தன் தளத்தின் நீர்க்காப்புக் குறைக்காக, அவரும் தமக்கு வீடு ஒப்படைக்கப்பட்ட நாளைக் கணக்கிட்டு, அதே பிரிவின் கீழ்க் கட்டியவரைக் கேட்க முடியும். இதை மைத்துனரிடம் எடுத்துச் சொன்னால், உங்களை எதிராளியாகப் பார்க்கும் அந்தக் குடும்பம், கட்டியவருக்கு எதிராக உங்களுடன் சேர்ந்து மனுக் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. கட்டியவருக்கான கடிதத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் கிரயப் பத்திரத்துடன் வைத்துக்கொள்ளுங்கள்.