ஒன்றரை லட்சம் கடன் வேண்டாம் அண்ணே, மைசூருக்கு விண்ணப்பம் போடுங்கள்

போன வாரம் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். மலையாளி பழங்குடிக் குடும்பம் (கேரளத்து மலையாளி இல்லை, தமிழ்நாட்டு மலைகளில் வாழும் பழங்குடி இனம்). மகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உட்கார்ந்ததும் அப்பா ஒரு நோட்டீஸை நீட்டினார். நீட் பயிற்சி, விடுதியோடு ஒரு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், முன்பணம் இந்த மாதமே கட்ட வேண்டுமாம். வட்டிக்கு வாங்க ஆளும் பார்த்துவிட்டார். தாய்மாமன் சொல்லிவிட்டாராம், நம்ம மலையிலிருந்து ஒரு டாக்டர் வந்தே ஆகணும் என்று.

கட்டாதீர்கள் அண்ணே.

உங்கள் மகளிடம் நான் தனியாகப் பேசினேன். கணக்கு பிடிக்கும் என்றாள், சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகள் ஆறேழு பேரை உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தருவதைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். டாக்டர் என்ற வார்த்தை அவள் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது, நல்ல திட்டம்தான், ஆனால் அது டாக்டராக ஆசைப்படுகிற பிள்ளைக்கு. மாமன் ஆசைக்காக ஒரு வருஷமும் ஒன்றரை லட்சமும் போனால் அந்த வட்டியை மாமன் கட்டப்போவதில்லை, நீங்கள் சாமை விற்றுக் கட்டுவீர்கள்.

இன்ஜினியரிங், நர்சிங், புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் எல்லாம் உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பழங்குடியினருக்கான இடம் 100க்கு 1. மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் 7.5. (முன்னே சொன்ன 7.5 வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அப்படியிருந்தும் மலையிலிருந்து வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் விண்ணப்பமே போடுவதில்லை, காரணம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மைசூரில் மானசகங்கோத்ரி என்ற இடத்தில் மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. ஆர்.ஐ.இ. என்பார்கள். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்துகிறது, 1963இல் தொடங்கியது, தமிழ்நாடும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. அங்கே பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருஷப் படிப்பு. இங்கே பி.எஸ்சி. மூன்று வருஷம், அப்புறம் பி.எட். இரண்டு என்று ஐந்து வருஷம் ஆகிறதே, அதில் ஒன்று மிச்சம், ஒரு வருஷச் செலவும் மிச்சம். வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் உண்டு, உங்கள் மகள் அங்கே நிஜ வகுப்பில் நிஜப் பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திப் பழகலாம். பெண்களுக்கு விடுதியும் வளாகத்திலேயே. நுழைவுத் தேர்வு என்.சி.இ.டி. என்பது, நாடு முழுவதுக்கும் பொதுவான தேர்வு, தமிழிலும் எழுதலாம், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும், அதனால்தான் இப்போதே பிடித்து உலுக்குகிறேன். ஒரு கஷ்டம் உண்டு, வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், முதல் வருஷம் திணறுவாள். அதற்கு இப்போதிருந்தே தினம் அரைமணி நேரம் ஆங்கிலம் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பணம்? குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்குத் தருவது, உண்டு. வெளிமாநிலத்தில் படித்தாலும் உண்டு, சொந்த மாநில அரசுதான் கொடுக்கும். அது தாமதமாகத்தான் கைக்கு வரும், ஆகவே முதல் சில மாத மெஸ் செலவுக்கும் பஸ்ஸுக்கும் கையில் கொஞ்சம் வேண்டும். அதற்கு ஒன்றரை லட்சம் தேவையில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மாதிரி மத்திய அரசின் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்கிற பழங்குடிப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 1000 பேர் என்று தனி தேசிய உதவித்தொகை இருக்கிறது, வருமான வரம்பு 6 லட்சம், கம்ப்யூட்டர் வாங்கவும் பணம் தருவார்கள். உங்கள் இளைய மகனுக்காக அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டு வேலை? நம் மாநிலத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுத வேண்டும், அது தனிப் பாடு. கூடவே பழங்குடிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் ஏகலைவா பள்ளிகளைப் பாருங்கள், கல்வராயன் மலை வெள்ளிமலையில்கூட ஒன்று இருக்கிறது. 740 ஏகலைவா பள்ளிகளுக்கு 38,800 ஆசிரியர்களையும் பணியாளர்களையும் எடுப்போம் என்று 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த வருஷத் தேர்விலேயே இந்தி கேட்டார்கள், அது நம் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மலைப் பிள்ளைக்கு அதன் பேச்சு தெரிந்த டீச்சர் வேண்டும், அதற்கு உங்கள் மகளைவிடப் பொருத்தமான ஆள் யார்?

மாமன் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். பொம்பளைப் பிள்ளையை மைசூருக்கு அனுப்புவதா என்று அத்தை கேட்டாராம், ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் வளர்ந்த பிள்ளை அண்ணே அவள்.

இப்போது உங்கள் வேலை ஒன்றுதான். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அங்கே மாதக்கணக்கில் இழுக்கும். நீங்கள் திருவண்ணாமலை மாவட்டம் என்பதால் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறீர்கள். ஈரோடு பர்கூர் மலையில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்களுக்கு, அதே மலையாளி இனமாக இருந்தும், அந்த மாவட்டம் பட்டியலில் இல்லாததால் சான்றே கிடையாது. நீங்கள் சான்று கையில் இருக்கிறது என்றீர்கள், ஆனால் காட்டியது பெரிய மகனுடையது. திங்கட்கிழமை மகள் பெயரில் மனு கொடுத்துவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.